நீலச் சட்டைக்காரர் யாரோட ஆளு?

முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கொலைகாரருக்கு மூன்று நாள் என் கையால் டீ ஊற்றிக் கொடுத்தேன் என்று நான் நம்பினேன். அதுவும் சும்மா இல்லை, சர்க்கரை கம்மியாக, அவர் கேட்டபடி. போலீஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று வேலப்பன்சாவடிப் பக்கத்து ஓட்டல் ஒன்றின் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "சார், டீ மட்டும்தான் கொடுத்தேன், பிஸ்கட் கொடுக்கல" என்பதுதான் என் வாக்குமூலம். கண்ணாடியில் இருந்தவன் முழித்த முழியைப் பார்த்தால் எந்த இன்ஸ்பெக்டரும் என்னைத்தான் முதலில் உள்ளே போடுவார்.

நான் சினிமாவில் புரொடக்ஷன் மேனேஜராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவன். வயது ஐம்பத்தாறு, முட்டிக்கு மட்டும் எழுபது. கள்ளிக்குப்பத்தில் வீடு. மாடிப்படி ஏறும்போதெல்லாம் என் முட்டி போடுகிற சத்தத்துக்குத் தனியாக சவுண்ட் இன்ஜினியர் வைக்கலாம் என்பாள் என் மனைவி.

என்னிடம் வேலை கற்ற பையன்கள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது ஷூட்டிங்கில் எல்லோருக்கும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்களாம். அதைப் போன் வைத்து ஸ்கேன் செய்தால்தான் உள்ளே நுழையலாம், ஸ்கேன் செய்தால்தான் சோறு. "உங்க காலத்துல இது இல்லாம எப்படிண்ணே சமாளிச்சீங்க? வெளியாள் உள்ளே வந்துட மாட்டாங்களா?" என்று கேட்டான் ஒருவன். நான் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. தொழில் கற்க வந்த என்னிடம் முதலில் சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். பிறகு வண்டி பிடிக்க விட்டார்கள். பிறகு திட்டு வாங்க விட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மழைக் காட்சிக்குத் தண்ணி லாரிக்காக நாலு கம்பெனி வாசலில் கெஞ்சி, லாரி வந்து நின்ற நேரம் நிஜ மழை பிடித்துக்கொண்டது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். கேமராமேன் குடைக்குள்ளிருந்து, "இந்த மழை கேமராவுல தெரியாது, நம்ம மழையை விடுங்க" என்றார். கொட்டுகிற மழையில் லாரித் தண்ணியைப் பீய்ச்சி மழை எடுத்தோம். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்தத் தொழிலில் நிஜம் எது என்று யாருக்கும் தெரியாது என்று. புரியவில்லை.

என் மேலதிகாரி சம்பந்தம் அண்ணன். எங்கள் கம்பெனியின் தலைமைப் புரொடக்ஷன் ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் ஈரத் துண்டு. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும், அவருக்குக் கூடும். "டேய் மூர்த்தி" என்றால் உலகம் நலமாக இருக்கிறது. "மூர்த்தி" என்றால் ஏதோ சரியில்லை. "வாங்க மூர்த்தி" என்றால் ஒளிய இடம் தேடுவேன். "மூர்த்தி சார்" என்று அவர் சொல்லி நான் ஒரே ஒரு நாள்தான் கேட்டேன். அந்த நாள்தான் இந்தக் கதை.

ஷூட்டிங்கில் யார் நம் ஆள், யார் வேடிக்கை பார்க்க வந்த ஆள் என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி உண்டு. யாரையும் "நீ யாரு?" என்று கேட்கக் கூடாது. சினிமாவில் ஒவ்வொருத்தரும் யாரோ ஒருத்தரோட ஆள். புரொடியூசரின் மச்சானை, ஹீரோவின் ஜோசியரை, பைனான்சியரின் டிரைவரைப் போய் "நீ யாரு?" என்று கேட்டவன் மறுநாள் வேலையில் இருக்க மாட்டான். அதனால் அண்ணன் சொல்வார்: "டீ நீட்டிப் பாருடா. வெளியாளா இருந்தா 'பரவால்லீங்க, வேணாம்'னு கூச்சப்படுவான். நம்ம ஆளு வாங்கிக்கிட்டுக் குறை சொல்லுவான்."

அந்த வழி பல வருஷம் தவறாமல் வேலை செய்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்று. மழையில் பாலம் போய்விடுகிறது. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத சிலர் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ராத்திரி ஒரு கொலை. விடிந்ததும் எல்லோரும் சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுகிறார்கள். கடைசியில் வரவேற்பு ஹாலில் அத்தனை பேரையும் நிறுத்தி, கொலைகாரன் யார் என்று உடைக்கிறார்கள். இதில் முக்கியம், கதைப்படி ஒருத்தர்கூட ஓட்டலை விட்டு வெளியே போக முடியாது. முதல் காட்சியில் இருந்த முகமெல்லாம் கடைசிக் காட்சியிலும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒன்று அவர் செத்திருக்க வேண்டும், இல்லை அவர்தான் கொன்றிருக்க வேண்டும். அந்த முகங்களை எண்ணிக் கூட்டி வருவது என் வேலை.

இயக்குநர் ஒரு சின்னப் பெண். முதல் படம். பெயர் யாழினி. எங்களுக்கு மேடம். நிஜ ஓட்டலில்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றார், ஓட்டல்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஓட்டலை மூடமாட்டார்கள். மேல் மாடி அறைகளில் அவர்கள் வாடிக்கையாளர்கள் தங்குவார்கள். கீழ்த்தளச் சாப்பாட்டு ஹாலும் வரவேற்பு ஹாலும் எங்களுக்கு. அதுவும் நாலாம் நாள் மாலை விளக்கு போடும் நேரம் வரைக்கும்தான். அதன்பிறகு அங்கே ஒரு கல்யாண ரிசப்ஷன்.

முதல் நாள் காலை. சாப்பாட்டு ஹால் காட்சி. முக்கிய நடிகர்கள் நடுவில். பின்னால் மேசைகளில் டில்லிபாபு கொண்டுவந்த துணை நடிகர்கள். டில்லி ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்ட், ஆவடிக்காரன், என் பழைய தோஸ்து. ஜன்னல் ஓர மேசையில் ஒருவர். நீலக் கட்டம் போட்ட சட்டை, படிய வாரிய நரைத்த தலை, கை கழுவிவிட்டு வந்து நேராக உட்கார்ந்திருந்தார். 'ஆக்‌ஷன்' என்றதும் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள், அவரும் சாப்பிட்டார்.

சினிமாவில் சாப்பிடுவது ஒரு தனி வித்தை. ஒவ்வொரு டேக்குக்கும் தட்டை மறுபடி நிரப்புவோம். நடிகர்கள் இட்லியை ஒரு ஓரமாகக் கிள்ளிக்கொண்டே வசனம் பேசுவார்கள், உள்ளே ஒன்றும் போகாது. நீலச் சட்டைக்காரர் ஒவ்வொரு டேக்கிலும் முழுத் தட்டையும் காலி செய்தார். சட்னியை வழித்தார். மறுபடி நிரப்பினோம். மறுபடி காலி. மேடம் மானிட்டருக்குப் பின்னால் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, யார் இவரு? கொலை நடந்த இடத்துல ஒரு மனுஷன் இவ்ளோ நிம்மதியா சாப்பிடறார் பாருங்க. எனக்கு முதுகு சில்லுங்குது. இவருக்கு ஒரு குளோசப் வைக்கலாம்."

வைத்தார்கள். ஒன்றல்ல, பல. படத்தில் யார் யாரைச் சந்தேகப்பட்டாலும் உடனே நீலச் சட்டைக்காரர் இட்லி மெல்லுவதைக் காட்டுவது என்று முடிவாயிற்று.

இடைவேளையில் நான் டீ எடுத்துப் போனேன். நீட்டினேன். வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சார், நாளையிலேருந்து எனக்குச் சக்கரை கொஞ்சம் கம்மியா போடுங்க."

குறை சொல்லிவிட்டார். தீர்ந்தது. நம் ஆள்.

உடைகள் பார்க்கிற பெண் அவரை முன்னால், பின்னால், பக்கவாட்டில், காலர், கைக்கடிகாரம், சட்டைப் பை என்று போனில் படமெடுத்தாள். அடுத்த நாள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டுமே. "நாளைக்கும் இதே சட்டையில வாங்க சார்" என்றாள். அவர் தலையாட்டினார். படங்களை எனக்கும் அனுப்பி வைத்தாள். மூன்று நாளும் அவர் காலையில் சரியாக வந்து உட்கார்ந்தார், மத்தியானம் விட்டதும் போய்விட்டார். இவ்வளவு ஒழுங்கான நடிகரை நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள். கடைசிக் காட்சி. மேடம் வரவேற்பு ஹாலில் எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டார், "நீலச் சட்டை எங்க?"

நான் டில்லியைப் பார்த்தேன். "டில்லி, உங்க ஆளு எங்க?"

"எங்க ஆளா? இன்னா மாமே வெளாடுறியா? அவரு உங்க ஆளாச்சே!"

"எங்க ஆளு இல்லடா. உன் ஏஜென்சி இல்ல?"

"அய்ய, நான் கூட்டியாரவே இல்லப்பா. நான் மேடம் சித்தப்பான்னு நெனச்சுக்கினு டெய்லி வணக்கம் வெச்சுகினு கீறேன்!"

மேடம் வெளிறிப் போனார். "எனக்குச் சித்தப்பாவே இல்லண்ணா."

உடை பார்க்கிற பெண் அவரை என் ஆள் என்று நினைத்திருந்தாள். கேமராமேன் அவரை நாடகக்காரர் என்று நினைத்திருந்தார். ஹீரோ அவரை புரொடியூசர் என்று நினைத்து தினமும் சிரித்திருந்தார்.

மேடம் ஓரமாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் எடுத்த அத்தனையிலும் அந்த முகம். இன்றைக்கு மாலைக்குள் அவர் வராவிட்டால் கடைசிக் காட்சி இல்லை. இந்த ஹால் மறுபடி கிடைக்காது, இந்த நடிகர்கள் எல்லோரும் மறுபடி ஒரே நாளில் கிடைக்கவே மாட்டார்கள். முதல் படம் முடியாமல் நிற்கிற இயக்குநருக்கு இரண்டாவது படம் யாரும் தர மாட்டார்கள். அந்தப் பெண் அழவில்லை. செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

சம்பந்தம் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூர்த்தி சார்," என்றார், "முகங்களுக்குப் பொறுப்பு நீங்கதானே? சாப்டீங்களா?"

என் வேலை போய்விட்டது என்று முட்டிக்குத் தெரிந்துவிட்டது.

ஓட்டல் ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் ஓடினேன். படத்தைக் காட்டினேன். "இவர் எங்க கெஸ்ட்தான். முதல் மாடி. இன்னைக்குக் காலையில ரூம் காலி பண்ணிட்டார்" என்றாள். பெயர், முகவரி கேட்டேன். "கெஸ்ட் விவரம் தரமாட்டோம் சார். வேணும்னா நானே போன் பண்ணி நீங்க தேடறதாச் சொல்றேன்." பண்ணினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி பண்ணினாள். மறுபடி அதுவே.

"வேற ஏதாவது தெரியுமாம்மா?"

"நல்ல மனுஷன் சார். அமைதியா இருப்பார். தினமும் சாயந்தரம் அந்த ஒரே நீலச் சட்டையைத் துவைக்கப் போடுவார். இன்னைக்குக்கூட அது சலவையில இருக்கு, ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறேன்னார்."

தினமும். ஒரே சட்டை. துவைக்க.

அந்த இடத்தில் என் மூளை கழன்றது. மூன்று வாரமாக அந்தத் திரைக்கதையைப் படித்துப் படித்து எனக்கு எல்லாமே துப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. நாளைக்கும் இதே சட்டை என்று சொன்னதே நாங்கள்தான் என்பது சுத்தமாக மறந்துபோனது. மற்றவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இரண்டாம் நாள் மத்தியானம் அவர் ஸ்கூட்டரில் ஒரு கட்டு சாக்கு ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் கயிறு. சாயந்தரம் திரும்பி வரும்போது செருப்பெல்லாம் சாம்பல் நிறச் சேறு. போன் அணைந்திருக்கிறது. ஆள் மறைந்துவிட்டார். வேறென்ன வேண்டும்? பாத்ரூமுக்குப் போய் வாக்குமூலம் ஒத்திகை பார்த்தது அப்போதுதான்.

திரும்பி வந்து அண்ணன் காதில் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, அந்த ஆளு நிஜமாவே யாரையோ முடிச்சிட்டாருண்ணே."

அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சாக்கு ஈரமா இருந்துச்சா, காஞ்சதா இருந்துச்சா?"

"போகும்போது காய்ஞ்சது. ஆனா கூட ஒரு பிளாஸ்டிக் குடம் வெச்சிருந்தாரு."

"செருப்புல என்ன?"

"சாம்பல் கலருண்ணே. காஞ்சா கெட்டியாயிடும்போல."

"மூர்த்தி சார், அதுக்குப் பேரு சிமெண்ட். அவரு வீடு கட்றாரு. ஸ்கூட்டர்ல மத்தியானம் போய்ச் சாயந்தரம் வர்ற தூரம். நூம்பல் பக்கம்தான் தெருத்தெருவா கட்டிக்கிட்டிருக்காங்க. டில்லியைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாருங்க. வரும்போது அவரோட வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "வரலைன்னா நீங்களும் வர வேணாங்க" என்றார்.

டில்லியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "டேய், வீடு கட்றவரா இருந்தா என்ன? உள்ளே வெச்சுப் பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

"மாமே, நீ கம்முனு வா. எனக்கு வண்டி ஆடுது."

"நான் நடுங்கறேன்டா."

"அதான் ஆடுது."

நூம்பலில் மூன்று தெரு சுற்றினோம். நாலாவது தெருவில் பாதி எழும்பிய வீடு ஒன்று. ஆளரவம் இல்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் கம்மி. எதிரே வரிசையாக, ஆள் உயரத்தில், ஈரச் சாக்கு சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் கத்தியது தெரு முனை டீக்கடைக்குக் கேட்டதாம். ஒருத்தர் என்று நினைத்து வந்தால் ஆறு பேர்! டில்லி ஓடிவந்து பார்த்தான். பக்கத்தில் போய் ஒன்றைத் தட்டினான்.

"யோவ், தூணுய்யா இது! புதுசா காங்கிரீட் போட்ட தூணுக்குச் சாக்கு சுத்தித் தண்ணி ஊத்துவாங்க. ஊடு கட்னதே பாத்ததில்லியா நீ?"

என் வீட்டை நான் கட்டவில்லை, கட்டின வீடாக வாங்கினேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா வந்தார். படத்தைக் காட்டினோம். "மரிய செல்வம் சாரா? அவர் ஊடுதான் இது. லீவு போட்டுகினு ஓட்டல்ல தங்கி வேலை பாத்துகினு இருந்தாரு. இன்னிலேருந்து டூட்டி. ஆவடி ஃபாக்டரி. சாயந்தரம் வந்துதான் தூணுக்குத் தண்ணி ஊத்துவாரு." எந்த ஃபாக்டரி என்றும் சொன்னார். டேங்கு, துப்பாக்கி சம்பந்தப்பட்ட இடம். நான் அதை இன்னும் விவரமாக எழுதப்போவதில்லை, ஒருமுறை பட்டது போதும்.

பாரிவாக்கம் வழியாகப் போனால் காலியாக இருக்கும் என்றான் டில்லி. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆவடி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. அந்தத் தொழிற்சாலை கேட் எவ்வளவு பெரியது என்றால், அதன் முன்னால் நின்றதுமே நான் செய்யாத குற்றத்தையெல்லாம் ஒத்துக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளே போகிற தொழிலாளிகள் போனை கேட்டிலேயே அணைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது.

காவலுக்கு நின்றவரிடம், "சார், உள்ளே இருக்கிற ஒருத்தரைப் பாக்கணும்" என்று போனை நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். விரலால் தள்ளினார். முன்னால். தள்ளினார். பின்னால். தள்ளினார். இடது பக்கம், வலது பக்கம், கைக்கடிகாரம், சட்டைப் பை. அவர் முகம் மாறியது. உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தார். மீசை வைத்த சூப்பர்வைசர் வந்தார். எங்களை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள்.

"எதுக்குய்யா எங்க ஸ்டாஃபை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வெச்சிருக்கே?"

"கன்டின்யூட்டி சார்."

"அப்படின்னா?"

"அவர் மறுபடி வரும்போது அப்படியே இருக்கணும் சார்."

"யாருக்கு?"

"எங்களுக்கு."

சூப்பர்வைசர் டில்லியைப் பார்த்தார். "நீ யாரு?"

"நான் ஆளுங்கள சப்ளை பண்றவன் சார்."

டில்லி வாழ்நாளில் ஆயிரம் தடவை சொன்ன பதில்தான் அது. அந்த அறைக்குள் அது வேறு மாதிரி கேட்டது. சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார்.

"ஓட்டல்ல அவரை எதுக்கு மூணு நாள் கவனிச்சீங்க?"

"கொலைகாரன்னு நெனச்சு சார்... இல்ல சார், அது இன்னைக்குத்தான்... முதல்ல நம்ம ஆளுன்னுதான் நெனச்சோம்..."

"உங்க ஆளா? யார் நீங்க?"

டில்லி என் தொடையைக் கிள்ளினான். "அண்ணாத்தே, தயவுசெஞ்சு வாயைத் தொறக்காத. ரெண்டு பேரும் உள்ள போய்டுவோம்." நான் அழுகிற நிலையில் இருந்தேன். மெய்யாகவே. ஓட்டலில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே தேசத்துரோகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே ஆள் அனுப்பி மரிய செல்வத்தைக் கூட்டி வந்தார்கள். சீருடையில் வந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"அய்யோ, இவங்க நல்லவங்க சார்! ஓட்டல்காரங்க! இவருதான் எனக்கு டெய்லி டீ கொடுப்பாரு." என் பக்கம் திரும்பி, "என்னங்க தம்பி, ரூம் சாவியைக் கொடுத்துட்டேனே? ஏதாவது விட்டுப்போச்சா?"

எனக்கு அந்த மனிதர் காலில் விழலாம் போலிருந்தது. முட்டி இடம் கொடுக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். படம், கடைசிக் காட்சி, மாலைக்குள், மேடம். அவருக்குப் பாதிதான் புரிந்தது. "நான் இல்லாம எடுக்க முடியாதா? நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்?"

"நீங்க சும்மா உக்காந்ததுதான் சார் படமே."

அவர் தயங்கினார். "ஆபீசர்கிட்ட கேக்கணும். அதுவுமில்லாம ஷிஃப்டு விட்டதும் நான் நேரா நூம்பல் போகணும். தூணுக்குத் தண்ணி ஊத்தியாகணும் தம்பி. இப்போ காய விட்டா வெடிப்பு விடும். என் வாழ்க்கையில ஒரு வீடுதான் கட்டுவேன்."

டில்லி வேறொரு ஷூட்டிங்குக்கு அனுப்பியிருந்த தன் ஆளுக்குப் போன் போட்டான். "டேய் குமாரு, சேகரையும் கூட்டிகினு நூம்பலுக்குப் போ. ஆறு தூணு கீது. நல்லா நனையற மாதிரி தண்ணி ஊத்து. இன்னாது, போலீஸ் டிரெஸ்ல கீறீங்களா? பரவால்ல, அப்டியே போ. கழட்டினா டிரெஸ் கசங்கும்."

மரிய செல்வம் உள்ளே போய்விட்டு, ஷிஃப்டு சங்கு ஊதும்போது திரும்பி வந்தார். ஆபீசர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "படத்துல பேச வேண்டியது இருக்கான்னு கேட்டார். இல்லன்னேன். அப்போ போய்ட்டு வான்னுட்டார்."

சூப்பர்வைசர் என் போனைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "படம் எந்தத் தியேட்டர்ல?" என்றார்.

மரிய செல்வம் ஸ்கூட்டரில் முன்னால், நாங்கள் பின்னால். வாழ்க்கையில் ஒரு ஸ்கூட்டரின் பின்விளக்கை நான் அவ்வளவு பாசத்தோடு பார்த்ததில்லை. ஓட்டல் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் அண்ணன் கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு எங்கள் டீயைக் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, கட்டிப்போட்டிருந்தார். ரிசப்ஷன் பெண் சலவையிலிருந்து நீலச் சட்டையை இஸ்திரியோடு நீட்டினாள்.

கொலைகாரன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அலறி விலக வேண்டும். அலறினார்கள். மரிய செல்வம் மட்டும் அலறவில்லை. தள்ளி நின்று, கொலைகாரனாக நடித்தவரை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். மேடம் 'கட்' சொல்ல மறந்துபோனார். கேமராமேன்தான் நிறுத்தினார். விளக்கு போடுகிற ஆட்கள் உள்ளே நுழைய, நாங்கள் வெளியே வந்தோம். மேடம் மரிய செல்வத்தின் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கிவிட்டுப் போனார்.

"டேய் மூர்த்தி, தண்ணி குடிடா" என்றார் அண்ணன். எனக்கு அப்போதுதான் கண்ணில் நீர் முட்டியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லாம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணன் மரிய செல்வத்தின் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. யார் சொல்லி நீங்க அங்க உக்காந்தீங்க?"

மரிய செல்வம் நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"யாரும் சொல்லலீங்க. காலை டிபன் ரூம் வாடகையிலேயே சேர்த்தின்னாங்க. படியில இறங்கி வந்தேன், கை கழுவிட்டு உக்காந்தேன். இட்லி வெச்சாங்க. எழுந்திருக்கப் போனா ஒரு பொண்ணு 'சார், அசையாதீங்க, அப்படியே இருங்க'ன்னுச்சு. சினிமா எடுக்கறாங்க, குறுக்கே போய்க் கெடுக்கக் கூடாதேன்னு உக்காந்துட்டேன். மறுபடி இட்லி வெச்சாங்க. வீணாக்கக் கூடாதுன்னு சாப்பிட்டேன். அதே சட்டையில வரச் சொன்னாங்க. எங்க ஃபாக்டரில ஹெல்மெட் மாதிரி, இங்க இது ரூல் போலன்னு நெனச்சேன். மூணு நாளும் தூண் வேலைக்கு லேட்டுங்க. மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கினேன்."

பிறகு விசாரித்தோம். தங்கியிருப்பவர்களுக்குக் காலை டிபன் அந்த நாலு நாளும் மூன்றாவது மாடியில் என்று ஓட்டல்காரர்கள் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தார்கள். முதல் மாடியில் இருந்த மரிய செல்வம் ஒருநாளும் லிஃப்டில் ஏறவில்லை. அவர் டிபன் சாப்பிட வந்தார். நாங்கள் மூன்று நாள் அவரை எழுந்திருக்க விடவில்லை.